எந்தப் பானைக்கு எந்த அரிசி? – வாசகர் கேள்வி பதில்

பெரும்போக அறுவடை முடிந்து புது நெல் ஆலைக்கு வரும் பருவம் இது. அரிசி பற்றித் திருகோணமலை மாவட்டத்தின் பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். அளவுக்கு வீட்டுச் சுண்டையே எடுத்திருக்கிறோம். ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 200 கிராம். தண்ணீரையும் அதே சுண்டால் அளந்துகொள்ளுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி: கடைக்குப் போனால் நாடு, சம்பா, கீரிச்சம்பா, வெள்ளைப் பச்சை, சிவப்புப் பச்சை என்று மூடை மூடையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலை. எது நல்லது என்று கேட்டால் "எல்லாம் நல்லதுதான் அக்கா" என்கிறார் கடைக்காரர். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மூடையில் எழுதியிருக்கும் பெயர் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. நாடு, சம்பா, கீரிச்சம்பா என்பவை மணியின் வடிவத்துக்கு உரிய பெயர்கள். நாடு நடுத்தர நீளமுள்ள மணி. சம்பா குட்டையானது, உருண்டையானது. கீரிச்சம்பா அதிலும் சின்னது, சீரகத்தைப் போல. பச்சை என்பது வடிவம் அல்ல, பதப்படுத்திய முறை. நெல்லை அவிக்காமல் குத்தினால் பச்சையரிசி, அவித்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கல். இவற்றோடு மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை மூடையில் எழுத மாட்டார்கள். எவ்வளவு தீட்டினார்கள் என்பதுதான் அது. நான்காவது, அறுவடையாகி எத்தனை மாதம் என்பது. சோறு பொலபொலவென்று வருமா, குழையுமா, பசியைத் தாங்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பின்னால் சொன்ன மூன்றும்தான். பெயரை மட்டும் பார்த்து விலை கொடுத்தால் ஏமாற்றம் வருவது அதனால்தான்.

இவற்றைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி மாதிரி ஊடு தெரிந்து, இளமஞ்சள் சாயலாக இருந்தால் புழுங்கல். வெள்ளையாக, ஒளி ஊடாமல் இருந்தால் பச்சை. புழுங்கல் என்று சொல்லும் அரிசியில் மணியின் நடுவே சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளை தெரிந்தால், அவியல் உள்ளே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அது சோறாகும்போது வெளியே குழைந்து உள்ளே விறைப்பாக நிற்கும்.

அடுத்து குறுணலைப் பாருங்கள். கறுப்புத் துணியிலோ கைப்பேசியின் கண்ணாடியிலோ நூறு மணியை எண்ணிப் போட்டு, முக்கால் நீளத்துக்குக் குறைந்தவற்றைத் தனியே ஒதுக்குங்கள். பத்துக்குள் இருந்தால் நல்ல அரிசி. இருபதைத் தாண்டினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், கஞ்சிக்கு எடுக்கலாம், நெய்ச்சோற்றுக்கு ஆகாது. குறுணல் முதலில் வெந்து கரைந்து, முழு மணிகளையும் ஒட்ட வைத்துவிடும்.

ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். "டக்" என்று உடைந்தால் காய்ந்த அரிசி. மெத்தென்று நசுங்கினால் ஈரம் இருக்கிறது, சாக்கிலேயே பூசணம் பிடிக்கும். கையை மூடைக்குள் முழங்கை வரை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடு தட்டினால் அந்த மூடை வேண்டாம். கையில் மாவாக ஒட்டினால் தவிட்டுத் தூள் நீக்கப்படவில்லை, அல்லது வண்டு அரித்திருக்கிறது. மணியில் கறுப்புப் பொட்டு கிடப்பது, கதிரில் பால் பிடிக்கும் நாளில் நெல் மூட்டுப்பூச்சி சாறு உறிஞ்சிய இடம். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்றால் பொறுக்கிவிட்டுச் சமைக்கலாம்.

அன்றாடச் சோற்றுக்கு, குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதற்கு, நன்றாக அவித்த நாட்டரிசியே எங்கள் தெரிவு. விலை குறைவு, பானையில் நிறைய காணும், மத்தியானம் வடித்தது இரவு வரைக்கும் பதம் மாறாது. கீரிச்சம்பாவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அதன் சின்ன மணிக்கும் மென்மைக்குமான காசு. சத்தில் அது உயர்ந்தது என்று நினைத்து வாங்க வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு விவசாயி: நாங்கள் விதைப்பது பி.ஜி. 352, சில வயலில் ஏ.டி. 362. இந்த எழுத்துக்கும் இலக்கத்துக்கும் என்ன கருத்து? வீட்டுச் சாப்பாட்டுக்கு எங்கள் நெல்லையே அவித்துக் குத்துகிறோம். ஆனால் சோற்றில் ஒரு புளித்த மணம் வருகிறது, அரிசியும் நிறைய உடைகிறது. ஏன்?

பதில்: எழுத்து, அந்த இனத்தை உருவாக்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கிறது. பி.ஜி. என்றால் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொட, ஏ.டி. என்றால் அம்பலாந்தோட்டை, பி.டபிள்யூ. என்றால் பொம்புவல, எல்.டி. என்றால் லபுதுவ. இலக்கம் பெரும்பாலும் வயதைக் காட்டும். 300 என்று தொடங்கும் வரிசை மூன்று மாதப் பயிர், 350ஐ ஒட்டி வருபவை மூன்றரை மாதம், 400 வரிசை நான்கு, நான்கரை மாதம். உங்களுடைய இரண்டும் மூன்றரை மாத இனங்கள். 352 வெள்ளை, 362 சிவப்பு. கடையில் கீரிச்சம்பா என்று விற்பது பி.ஜி. 360, உருண்டைச் சம்பாவில் பரவலாக விதைப்பது பி.ஜி. 358. பச்சைப்பெருமாள், சுவந்தெல், மொட்டைக்கறுப்பன் போன்ற பாரம்பரிய நெல்லுக்கு இந்த இலக்கக் கணக்குப் பொருந்தாது.

இனி மணமும் உடைவும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

மணம் ஊறலில் வருகிறது. பச்சைத் தண்ணீரில் நெல்லை இரண்டு நாள் போட்டு வைத்தால், நம்மூர் வெப்பத்துக்கு அந்தத் தண்ணீர் புளித்துவிடும், அந்த மணம் உமியைத் தாண்டி மணிக்குள் இறங்கிவிடும். பிறகு எத்தனை தரம் கழுவினாலும் முழுதாகப் போகாது. பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க முடியும் என்றால் 24 மணி நேரத்தோடு நிறுத்துங்கள், நடுவில் 12 மணி நேரத்தில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். இதைவிட நல்ல வழி சுடுநீர் ஊறல். முதலில் நெல்லைக் கழுவி, மிதக்கும் பதரை அள்ளி எறியுங்கள். தண்ணீரைக் கொதிக்க விட்டு இறக்கி, கொதி அடங்கி ஐந்தாறு நிமிடம் கழித்து நெல் மீது ஊற்றுங்கள். நெல் சேர்ந்ததும் சூடு 70 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நெல்லுக்கு மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். மூடி, சாக்குப் போட்டு வைத்தால் ஐந்து, ஆறு மணி நேரத்தில் ஊறிவிடும். ஒரு நெல்லை உரித்து நகத்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வறண்ட வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் போதும்.

ஊறிய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் அடியில் கொஞ்சம் மட்டும் விட்டு ஆவியில் அவியுங்கள். மேலே ஆவி வரத் தொடங்கி 15 முதல் 20 நிமிடம். மேல் நெல்லில் ஒன்றிரண்டு உமி வாய் பிளக்கத் தொடங்கும்போது இறக்குங்கள். எல்லா நெல்லும் பிளக்கும் வரை விட்டால் அரிசி மஞ்சளாகி, சோறு வேக நேரம் பிடிக்கும்.

உடைவு காயவைப்பதில் வருகிறது. ஆலையைக் குறை சொல்லப் போக முன் முற்றத்தைப் பாருங்கள். அவித்த நெல்லைச் சீமெந்துத் தரையில் ஒரே மூச்சில் வெயிலில் காயவைத்தால், மணியின் வெளிப்பக்கம் சுருங்கி உள்பக்கம் ஈரமாகவே நிற்கும். அந்த இழுபறியில் மணிக்குள் மயிரிழை வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆலைக்குள் போனதும் அங்கேயே உடையும். இரண்டு கட்டமாகக் காயவைக்க வேண்டும். முதலில் ஒரு அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் பரப்பி, அரை மணிக்கு ஒருக்கால் காலால் உழுது கொடுத்து, பாதி காய்ந்ததும் குவித்துச் சாக்கால் மூடி நிழலில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வந்து சமப்படும். பிறகு மறுபடி பரப்பி, இளவெயிலில் முடியுங்கள். ஈரப்பதம் நூற்றுக்கு 14 என்ற அளவுக்கு வந்திருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் பல்லில் கடித்துப் பார்க்கலாம், மணி சுத்தமாக இரண்டாக உடையும். காய்ந்த அன்றைக்கே ஆலைக்குக் கொண்டு போகாமல் ஒரு நாள் ஆறவிட்டுக் குத்துங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றே உலர்த்திவிடுவதால் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

மூதூரிலிருந்து: மாசி, பங்குனியில் வாங்குகிற பச்சையரிசி வழக்கமான தண்ணீருக்கே கூழாகிவிடுகிறது. கடைக்காரர் வேறு அரிசியைத் தந்துவிட்டாரா?

பதில்: வேறு அரிசி அல்ல, புது அரிசி. அறுவடையாகி வந்த மணி எளிதில் வெந்து, மாச்சத்தைத் தண்ணீருக்குள் விட்டுவிடும். மூன்று, நான்கு மாதம் போனால் மணிக்குள் இருக்கும் புரதமும் கொழுப்பும் மாறி, மணி இறுகும். அதன் பிறகு அதே அரிசி கூடுதல் தண்ணீர் குடித்து, உருக்குலையாமல் நீளும். புழுங்கலில் இந்த வித்தியாசம் குறைவு, பச்சையில்தான் நன்றாகத் தெரியும்.

புதுப் பச்சையரிசிக்குச் சுண்டுக்கு இரண்டு சுண்டு தண்ணீர் விடுபவர்கள் ஒன்றே முக்காலாகக் குறைத்துப் பாருங்கள். ரைஸ் குக்கரில் வைப்பதைவிடப் பானையில் நிறையத் தண்ணீர் விட்டு, அரிசிக்கு ஐந்தாறு மடங்கு, கஞ்சி வடித்து எடுப்பது புது அரிசிக்கு மிகவும் பொருந்தும். வெந்ததா என்று பார்க்க ஒரு சோற்றை இரண்டு விரலுக்கு இடையில் நசுக்குங்கள். நடுவில் ஊசி முனை அளவு வெள்ளை தெரியும்போதே வடித்துவிடலாம், மிச்சம் தம்மில் வெந்துவிடும். பாற்சோறு, பொங்கல், கஞ்சி மூன்றுக்கும் இதே புது அரிசிதான் சிறந்தது, பழைய அரிசியில் அந்தக் குழைவு வராது.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகி: வீட்டில் நான்கைந்து பேருக்குக் கீரிச்சம்பாவில் நெய்ச்சோறு ஆக்கினால் உதிரியாக வருகிறது. விருந்துக்கு ஐந்து சஹனுக்கு (பலர் சுற்றியிருந்து சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) ஆக்கியபோது அதே கணக்குத்தான் போட்டேன், களியாகிவிட்டது. என்ன பிழை?

பதில்: கணக்கை அப்படியே பெருக்கியதுதான் பிழை. சின்னச் சட்டியில் ஊற்றும் தண்ணீரில் கணிசமான பங்கு ஆவியாகப் போகிறது. கிடாரத்தில் அரிசி பல மடங்கானாலும் ஆவியாகும் தண்ணீர் அத்தனை மடங்கு கூடுவதில்லை, மிஞ்சுவதெல்லாம் அரிசிக்குள்தான் போகும். வீட்டில் சுண்டுக்கு இரண்டு சுண்டு தண்ணீர் விடுகிறீர்கள் என்றால், கிடாரத்துக்கு ஒன்று புள்ளி ஆறு போதும்.

சஹனுக்கு ஆறு பேர் என்றால் 30 பேர். 18 சுண்டு அரிசி எடுங்கள், 3.6 கிலோ வரும். கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, ஓட்டைத் தட்டில் 15 நிமிடம் வடிய விடுங்கள். வடியாமல் போட்டால் அந்தத் தண்ணீரும் கணக்கில் சேரும், நெய்யில் வறுபடவும் செய்யாது. 350 கிராம் நெய்யில் கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, நீளமாக அரிந்த வெங்காயம் வதக்கி, அரிசியைப் போட்டு ஐந்தாறு நிமிடம் மெல்லப் புரட்டுங்கள். மணிக்கு மேலே நெய் படிந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு 29 சுண்டு கொதிநீர், ஏழு லீட்டர் அளவு வரும், மூன்று மேசைக்கரண்டி உப்பு. பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது கொதிக்க எடுக்கும் நேரமெல்லாம் அரிசி வெதுவெதுப்பில் ஊறி வெளிப்பக்கம் கரையும்.

பெருந்தீயில் கொதித்து, தண்ணீர் அரிசியின் மட்டத்துக்கு இறங்கி மேலே குழி குழியாகத் தெரியும்போது தீயைத் தணித்து மூடுங்கள். விறகடுப்பு என்றால் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் விட்டு, மூடிக்கு மேலேயும் கொஞ்சம் தணல் போடுங்கள். 15 முதல் 18 நிமிடம். அதன் பின் இறக்கி, பத்து நிமிடம் தொடாமல் விட்டு, ஓரத்திலிருந்து அகப்பையின் விளிம்பால் கிளறுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு நடுவில் கிளறுவதுதான் களியாவதற்கு இரண்டாவது காரணம். தேங்காய்ப்பால் சேர்ப்பதென்றால் அந்தப் பாலையும் 29 சுண்டுக்குள் அடக்குங்கள். முதற்பாலை முன்னாலேயே ஊற்றினால் அடி பிடிக்கும், தணலுக்கு மாற்றும் வேளையில் மேலே ஊற்றி மூடுவது நல்லது.

ஒரு கவனம்: விருந்துக்கு வாங்கும் அரிசியில் ஒரு சுண்டை முதல் நாளே சமைத்துப் பாருங்கள். மூடைக்கு மூடை பதம் மாறும்.

சாம்பல்தீவிலிருந்து: பச்சையரிசியில்தான் சத்து, அவித்தால் எல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்கிறா மாமி. உண்மையா?

பதில்: தீட்டாத பச்சையரிசியைச் சொன்னால் மாமி சொல்வது சரி. தவிட்டோடு இருக்கும் அரிசியில் உயிர்ச்சத்தும் நாரும் கூடுதல். ஆனால் கடையில் பளபளவென்று வெள்ளையாகத் தீட்டிய பச்சையரிசிக்கு அது பொருந்தாது. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் உயிர்ச்சத்து பி வகைகளில் ஒரு பங்கு மணிக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அந்தப் பங்கு மிஞ்சும். அதனால் ஒரே அளவு தீட்டிய இரண்டில் புழுங்கல்தான் மேல்.

இதை மனிதரிடமே பார்த்த ஒரு சோதனை உண்டு. 1905 இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெச்சர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சையரிசியும் மற்றப் பகுதியினருக்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சையரிசி உண்டவர்களிடையே பெரிபெரி நோய் பரவி உயிரிழப்புகளும் நேர்ந்தன, புழுங்கல் உண்டவர்கள் தப்பினார்கள். உயிர்ச்சத்து பி1 இல்லாததால் வரும் நோய் அது என்பது பின்னால் தெளிவானது.

வெள்ளைப் பச்சையை நாலைந்து தரம் அலசினால் இருக்கும் கொஞ்சமும் போய்விடும். இரண்டு தரம் போதும். கல் இருந்தால் அரிக்கன்சட்டியில் ஒரு முறை அரித்துவிடுங்கள்.

சீனன்குடாவிலிருந்து ஓர் ஐயா: எனக்குச் சீனி வருத்தம். சிவப்பரிசிக்கு மாறிவிட்டேன். இனி வயிறாரச் சாப்பிடலாம்தானே?

பதில்: இல்லை ஐயா. சிவப்போ வெள்ளையோ, அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாச்சத்துத்தான். தவிடுள்ள சிவப்பரிசி மெதுவாகச் செரிப்பதால் சீனி ஏறும் வேகம் தணிகிறது. மொத்த அளவு குறைவதில்லை. அரைச் சுண்டு அரிசியைச் சோறாக்கி ஒருவர் சாப்பிட்டால் 75 கிராமுக்கு மேல் மாச்சத்து உள்ளே போகும். கால் சுண்டு, அதாவது 50 கிராம் அரிசியில் வரும் சோறு, ஒரு வேளைக்கு எடுத்துக்கொண்டு தட்டின் பாதியைக் கீரை, மரக்கறியால் நிரப்புங்கள். மீனோ பருப்போ கூட வேண்டும். சரியான அளவை உங்கள் வைத்தியர் உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், மருந்தை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

வாங்கும் சிவப்பரிசியில் தவிடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மணி முழுக்கச் சிவப்பாக இருந்தால் தவிடு உண்டு. பள்ளத்தில் மட்டும் சிவப்புக் கோடு மிஞ்சி மற்ற இடம் வெள்ளையாக இருந்தால் தீட்டி எடுத்துவிட்டார்கள், அதற்கும் வெள்ளைக்கும் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. தவிடுள்ள அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, சுண்டுக்கு இரண்டரைச் சுண்டு தண்ணீர் விட்டு ஆக்குங்கள். குழைய வேகவைத்தால் சீனி வேகமாக ஏறும், கடித்துச் சாப்பிடும் பதத்தில் இறக்குங்கள். சிறுநீரக வருத்தமும் சேர்ந்திருப்பவர்கள் தவிடுள்ள அரிசிக்கு மாற முன் வைத்தியரிடம் கேளுங்கள், அதில் பாஸ்பரசும் பொட்டாசியமும் கூடுதல்.

நிலாவெளியிலிருந்து: சிவப்பரிசி கழுவும்போது தண்ணீர் சிவக்கிறது. சாயம் போட்டிருப்பார்களோ?

பதில்: கொஞ்சம் சிவப்பது இயல்பு, தவிட்டின் நிறமும் தூளும் கரைகிறது. சந்தேகம் என்றால் உடைந்த மணியின் வெட்டு முகத்தைப் பாருங்கள். பச்சையாகக் குத்திய சிவப்பரிசியில் தோல் மட்டுமே சிவப்பு, உடைந்த முகம் வெள்ளையாக இருக்கும். குத்திய பிறகு சாயத்தில் தோய்த்தால் உடைந்த முகமும் சேர்ந்து சிவக்கும். சிவப்புப் புழுங்கலுக்கு இந்தச் சோதனை உதவாது. அவிக்கும்போதே தோலின் நிறம் உள்ளே கசிந்து, உடைந்த முகம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். மூன்றாவது அலசலிலும் தண்ணீர் முதல் தடவை போலவே அடர்ந்து சிவந்து, விரலிலும் பிடித்தால் அந்த அரிசியைத் திருப்பிக் கொடுங்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: பிட்டுக்கு எந்த அரிசி? வீட்டில் இடித்த மாவில் இடியப்பம் பிழிந்தால் இழை அறுந்து அறுந்து விழுகிறது.

பதில்: இரண்டுக்கும் பச்சையரிசிதான். பிட்டுக்குச் சிவப்புப் பச்சை, இடியப்பத்துக்குச் சிவப்போ வெள்ளையோ விருப்பம்போல. புழுங்கலில் மா இடித்தால் பிட்டு ரப்பர் மாதிரி இழுபடும். அதன் மாச்சத்து ஏற்கெனவே ஒரு தடவை வெந்துவிட்டது.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, துணியில் ஒரு மணி நேரம் பரப்பி, தொட்டால் ஈரம் இருக்கும், ஆனால் கையில் ஒட்டாது என்ற பதத்தில் இடியுங்கள் அல்லது மில்லில் கொடுங்கள். அரித்துவிட்டுத் தாச்சியில் இளந்தீயில் வறுக்க வேண்டும். தொடக்கத்தில் ஆவி வந்து மா கட்டி கட்டியாகும், கை விடாமல் கிளறினால் உதிரும். ஆவி நின்று, ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் கோடு போட்டால் அறாமல் மணலாக விழும்போது இறக்குங்கள். நிறம் மாற விடக் கூடாது. ஆறியதும் மறுபடி அரியுங்கள், இடியப்பத்துக்கு மெல்லிய கண் அரிதட்டு.

உங்கள் இழை அறுவதற்குப் பெரும்பாலும் தண்ணீரின் சூடுதான் காரணம். இடியப்ப மாவுக்கு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அடுப்பிலிருந்து எடுத்த கையோடு ஊற்ற வேண்டும். அந்தச் சூட்டில்தான் மாச்சத்து பசையாகி இழையைப் பிடித்து வைக்கும். வெந்நீர் என்ற அளவில் ஊற்றினால் மா நனையும், பசை வராது. ஒரு சுண்டு மாவுக்கு ஒன்று முதல் ஒன்றே கால் சுண்டு கொதிநீர், உப்புச் சேர்த்து, அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து உடனே பிழியுங்கள். தண்ணீர் சரியாக இருந்தும் அறுந்தால் மா கொரகொரப்பு. பிட்டுக்கு இதற்கு மாறாக, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொத்த வேண்டும். சுண்டு மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் அரைச் சுண்டு வரை பிடிக்கும். பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும்.

சிவப்பு மாவைத் தேவைக்கு மேல் இடித்து வைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் காறல் மணம் வந்துவிடும்.

சேனையூரிலிருந்து: மூன்று புசல் மூடை ஒன்றைக் குத்தினால் எவ்வளவு அரிசி வர வேண்டும்?

பதில்: புசலுக்கு ஏறத்தாழ 21 கிலோ என்று வைத்தால் மூடை 63 கிலோ. நன்றாகக் காய்ந்த புழுங்கல் நெல் என்றால் 40 முதல் 43 கிலோ அரிசி, பச்சைக்குத்தல் என்றால் இரண்டு மூன்று கிலோ குறையும். உமி 13 கிலோ அளவு, தவிடு ஐந்தாறு கிலோ. இதைவிட மிகவும் குறைந்தால், பதர் கூடிய நெல்லா, அளவுக்கு மீறித் தீட்டினார்களா என்று பாருங்கள். குறுணலைத் தனியாக நிறுத்துக் கேட்டு வாங்குங்கள், அதுவும் உங்கள் அரிசிதான்.

வெருகலிலிருந்து: வாடைக்காற்றுக் காலத்தில் அரிசிக்குள் வண்டு பிடித்துவிடுகிறது. வெயிலில் போட்டாலும் திரும்ப வருகிறது. வேப்பிலை போட்டும் பார்த்தோம்.

பதில்: நீங்கள் பார்க்கும் வண்டு வெளியே வந்தது. முட்டையும் புழுவும் மணிக்குள் இருக்கின்றன. தாய் வண்டு மணியில் துளை போட்டு முட்டை வைத்து, அந்தத் துளையை அடைத்துவிடும். நம் வெப்பத்தில் ஒரு மாத அளவில் அது வண்டாகி வெளியே வரும். வெயிலில் பரப்பினால் நடமாடும் வண்டுகள் ஓடிவிடும், உள்ளே இருப்பவை தங்கிவிடும். பச்சையரிசியைக் கடும் வெயிலில் போட்டால் மணி வெடித்து, சோறும் குறுணலாகிவிடும். வேப்பிலை, செத்தல் மிளகாய் வண்டை விலக்கலாம், உள்ளே இருப்பதைக் கொல்லாது.

உறைபெட்டி இருப்பவர்கள் ஐந்து கிலோ அளவான பைகளாகக் கட்டி நான்கு நாள் உள்ளே வையுங்கள். முட்டை வரை செத்துவிடும். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், குளிர் தணியும் வரை மூடியபடியே ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் அரிசியில் நீராகப் படியும். உறைபெட்டி இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும் அளவு வாங்காமல் இருப்பதே நல்ல காப்பு. மூடி இறுகும் வாளியில் வாய் வரை நிரப்பி வையுங்கள், காற்று இடம் குறைந்தால் வண்டு பெருகாது. பழைய அரிசி தீர்ந்து, வாளியைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் புதியதைக் கொட்ட வேண்டும். அடியில் கிடக்கும் ஒரு பிடிதான் புது மூடைக்கும் விதை போடுகிறது.

நெல்லாக வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, உமி காவல். மூடைகளைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை மாதங்களில் தரை வியர்க்கும்.

களஞ்சியங்களில் போடும் புகை மருந்துக் குளிசையைச் சிலர் வீட்டு அரிசி வாளிக்குள் போடுவதாகக் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரக்காற்றுப் பட்டால் அதிலிருந்து வரும் பொஸ்பீன் வாயு மூடிய அறையில் படுத்திருப்பவர்களைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்தும் இல்லை. வீட்டில் அப்படி ஏற்கெனவே போட்டிருந்தால் வாளியைத் திறந்து பார்க்க வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, கதவு சன்னல்களைத் திறந்தபடி விட்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். யாருக்காவது மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், என்ன மருந்து போட்டது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.